மூன்றே வாரத்தில் திரும்பி வந்த குப்பை

வாசகர் கேள்வி

மதுரை விளாங்குடியில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் இரண்டு தெருக்களிலும் சேர்த்து 64 வீடுகள் உள்ளன. மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று விடப்பட்ட சுமார் 22 சென்ட் இடம், சீமைக்கருவேல் மண்டிக் குப்பைமேடாகக் கிடந்தது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு விடுத்து, 27 பேர் சேர்ந்து சுத்தம் செய்தோம். வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்துப் பொக்லைன் வைத்து முள்ளை வெட்டினோம். மூன்று வாரத்தில் குப்பை பழையபடி வந்துவிட்டது, முள்ளும் துளிர்க்கிறது. இப்போது வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். ‘வரி கட்டுகிறோம், மாநகராட்சி செய்யட்டும்’ என்கிறார் எதிர்வீட்டுக்காரர். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. இரவில் இளைஞர்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்திருப்பதால் பெண்கள் அந்த வழியே போகத் தயங்குகிறோம். கம்பி வேலி போட்டுப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முன்பு இருந்த குடியிருப்போர் நலச்சங்கம் கணக்குத் தகராறில் நின்றுபோனது. மறுபடியும் சங்கம் தொடங்குவதா, வேலி போடுவதா, இல்லை விட்டுவிடுவதா?

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வேலி போடலாமா என்பது உங்கள் கேள்வியாக இருந்தாலும், கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை ‘மூன்று வாரத்தில்’ என்ற சொற்களே. இருபத்தேழு பேர் ஒரு விடுமுறை நாளின் காலையைக் கொடுத்துச் சுத்தம் செய்த இடம் மூன்று வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது என்றால், அவர்கள் உழைப்பில் குறையில்லை. அங்கே கிடந்த குப்பை போனதே தவிர, குப்பை அங்கே வந்து சேரும் வழி அப்படியே இருந்திருக்கிறது. நகரமைப்புப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் எனக்கு, ஒருநாள் துப்புரவில் பளிச்சென்று மாறி அதே மாதத்தில் மங்கிப்போன இடங்கள் பல தெரியும். ஆகவே, ‘நம் மக்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த முடிவு மனத்துக்கு ஆறுதல் தரும், வேலைக்கு உதவாது.

அடுத்த வசூலுக்கும் அடுத்த துப்புரவுக்கும் முன்பாக, ஒரு வாரம் கவனிக்க மட்டும் செய்யுங்கள். பூங்கா இடத்தைப் பார்த்த வாசல் கொண்ட வீடுகள் நான்கைந்தாவது இருக்கும். விடியற்காலை முதல் இரவு பத்து மணி வரை எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில், என்ன வகைக் குப்பை வந்து விழுகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். போடுகிறவரின் பெயரை எழுத வேண்டாம். அது சண்டைக்கு விதையாகும், நமக்கு வேண்டிய தகவலும் அதில் இல்லை. வார முடிவில் அந்த நோட்டைப் படித்தால் பெரும்பாலும் மூன்று வகை தென்படும். குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியாதவர்கள் முதல் வகை. கணவன், மனைவி இருவரும் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளும், பின்பக்கத்து லைன் வீடுகளில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களும் இதில் சேர்வார்கள். வேறு தெருவிலிருந்து இருசக்கர வாகனத்தில் போகிறபோக்கில், வண்டியை நிறுத்தாமலே பையை வீசிச் செல்பவர்கள் இரண்டாம் வகை. கோழிக்கடைக் கழிவும் கட்டட இடிபாடும் மூன்றாம் வகை. இவை பொதுவாக இரவில் வருகின்றன.

மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல் வகையினரிடம் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் குப்பையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. உங்கள் பகுதித் துப்புரவு மேற்பார்வையாளரையோ சுகாதார ஆய்வாளரையோ பார்த்து வண்டி நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதபோது, மூடியுள்ள வாளியில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வைத்துவிட்டுப் போனால் வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நான் வேலை செய்த ஒரு தெருவில், வண்டி முக்கால் மணி நேரம் முன்னால் வரத் தொடங்கியதும் மூலைக் குப்பையில் பாதி தானாகவே நின்றுபோனது. இரண்டாம் வகையினர் வீசுவது பெரும்பாலும் பத்துப் பதினைந்து அடி நீளமுள்ள ஒரே ஓரத்தில்தான் விழும். ஏற்கெனவே ஒரு பை கிடக்கும் இடத்தில்தான் இன்னொரு பை விழுகிறது. அந்த ஓரத்தை இருட்டாகவும் ஆளில்லாமலும் விட்டுவிடாமல், அங்கேதான் முதல் கல்பெஞ்சைப் போட வேண்டும், அங்கேதான் விளக்கு எரிய வேண்டும். மூன்றாம் வகைக்கு, தேதியோடு எடுத்த புகைப்படத்தை மாநகராட்சியிடம் எழுத்துப் புகாராகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் லாரிக்காரரோடு நேரில் மல்லுக்கு நிற்பது உங்கள் வேலை இல்லை.

இதை எழுதும்போதே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் நிச்சயமாக இந்த யோசனையைச் சொல்வார்: சுவரில் சாமி படம் ஒட்டினால் குப்பை விழாது என்பார். மூன்று மாதம் விழாதுதான். பிறகு படம் வெளுத்து, சாமியின் காலடியிலேயே பை விழும். அல்லது படம் சிலையாகி, சிலைக்குக் கூரை வந்து, உங்கள் பூங்காவில் இரண்டு சென்ட் என்றைக்கும் திரும்பாது. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சற்று ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி என்பதே என் கருத்து. 2022 இல் சொத்துவரி உயர்ந்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு இன்னும் உரிமை கூடியிருக்கிறது. கால்வாய் தூர்வாருவதும், தெருவிளக்கு எரிவதும், குப்பை அகற்றுவதும் மாநகராட்சியின் கடமை. அந்த வேலைகளை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் நீங்களும் களைத்துப்போவீர்கள், அவர்களுக்கும் அந்தத் தெரு தங்கள் பட்டியலில் இருப்பதே மறந்துபோகும். மாநகராட்சியால் செய்ய முடியாதது வேறு. ஒரு கன்றுக்கு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மாலையில் அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்பதும், விளக்கு அணைந்த அன்றே அதைக் கவனித்துச் சொல்வதும் அங்கே குடியிருப்பவர்களால் மட்டுமே முடியும். எது அவர்கள் வேலை, எது நம் வேலை என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். அவர்கள் பத்தியைத் தொடர்ந்து கேட்டு வாங்கும் பொறுப்பை எதிர்வீட்டுக்காரரிடமே கொடுங்கள். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் உங்கள் தெருவில் இருக்க மாட்டார். விளக்குப் புகார் என்றால் கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்தது காகிதம். பூங்கா இடத்தில் ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பு அது யாருடைய இடம் என்பது எழுத்தில் தெரிந்தாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவிடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் குடியேறிய காலத்தில் விளாங்குடி தனிப் பேரூராட்சி. 2011 இல்தான் மாநகராட்சியோடு இணைந்து, மதுரை 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. ஆகவே தானப் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் அது பேரூராட்சியின் பெயரில் இருக்கும். அந்தக் கோப்பு மாநகராட்சிக்கு வந்ததா, பூங்காப் பதிவேட்டில் ஏறியதா என்பதை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் பத்திரம் பதிவானதா என்பது தெரிந்துவிடும். மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் பதிவேட்டு விவரத்தையும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; முப்பது நாளில் பதில் தர வேண்டும். பத்திரமே பதிவாகவில்லை என்று தெரிந்தால் பயந்து பின்வாங்காமல், அதை உடனே எழுத்தில் மாநகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து மனைப்பிரிவு போட்டவரின் வாரிசு அந்த இடத்தை விற்க வந்து நிற்பது நடக்காத கதை இல்லை.

இனி, உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். வேலையை யார் தொடர்ந்து செய்வது? வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லாரும் வாருங்கள்’ என்று அழைத்தால் முதல் முறை இருபத்தேழு பேர் வருவார்கள், அடுத்த முறை பதினொரு பேர், மூன்றாம் முறை நீங்களும் உங்கள் கணவரும் வருவீர்கள். எல்லாருக்கும் பொதுவான வேலை என்று சொல்லும்போதே அது ஒருவருக்கும் உரியது இல்லை என்றாகிவிடுகிறது. இதற்கான தீர்வை மதுரைக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து வைகைக்கு இறங்கி வந்து திரும்புகிற வழி நெடுக, அவரை நிறுத்தி வரவேற்கும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இந்த மண்டகப்படி இன்னாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பந்தல் போடுவதும் பானகம் கரைப்பதும் அவர்கள் பொறுப்பு. ‘எல்லாரும் சேர்ந்து அழகரை வரவேற்போம்’ என்று மட்டும் சொல்லிவிட்டிருந்தால், இத்தனை தலைமுறைக்கு அது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். முறை என்று ஒன்று இருப்பதால் அது கடமையாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

உங்கள் 64 வீடுகளை வரிசையாக ஐந்து ஐந்து வீடுகளாகப் பிரித்தால் 13 குழுக்கள் கிடைக்கும். கடைசிக் குழுவில் மட்டும் நான்கு வீடுகள். ஆண்டின் 52 வாரங்களில் ஒவ்வொரு குழுவுக்கும் சரியாக நான்கு வாரம் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் என்றால் மறுப்பதற்கு யாருக்கும் மனம் வராது. அந்த வாரத்தில் அவர்கள் செய்ய வேண்டியதைக் குறைவாகவே வையுங்கள்: கன்றுகளுக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர், குப்பை விழும் ஓரத்தை நாள்தோறும் ஒரு பார்வை, விளக்கோ குழாயோ பழுதானால் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு சொல், நடந்ததை நோட்டில் நான்கு வரி. குப்பையைக் கையால் அள்ளுவது அவர்கள் வேலை இல்லை. அது கிடப்பதை அன்றே சொல்லி எடுக்க வைப்பதுதான் வேலை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நோட்டையும் தண்ணீர்க் குழாயையும் அடுத்த குழுவின் கையில் பூங்காவிலேயே கொடுக்க வேண்டும். இந்தக் கைமாற்றும் நேரத்தைச் சடங்கு போல விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து யாராவது சுண்டலோ பணியாரமோ கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பத்தொன்பது ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் பேசிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். நம் பழைய தெருக்களில் திண்ணை செய்த வேலையை, திண்ணை இல்லாத புறநகர் வீடுகளுக்கு இப்படி ஏதாவது ஒன்றுதான் செய்ய வேண்டியிருக்கிறது.

வீடுகளைப் பிரிக்கும்போது நட்பு பார்த்துச் சேர்க்க வேண்டாம். கதவு எண் வரிசையிலேயே பிரியுங்கள். சாதி, கட்சி, பழைய சங்கத்துச் சண்டை ஆகிய மூன்றும் குழுவுக்குள் நுழையாமல் இருக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான். ஒரு வீட்டில் திருமணமோ துக்கமோ நேர்ந்தால் அடுத்த குழுவோடு வாரத்தை மாற்றிக்கொள்ளட்டும். ஒரு குழு முறை தவறினால் வாட்ஸ்அப்பில் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது என்று முதல் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே எழுதும் ஒரு வரியில் கெடுகிற உறவை நேர்ப்பேச்சில் கெடுக்க ஒரு மாதமாவது ஆகும்.

வாடகைக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். ஆடி மாத அழைப்பு அவர்களுக்குப் போனதா என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான குடியிருப்புக் குழுக்களில் வீட்டு உரிமையாளரின் எண் இருக்கும், குடியிருப்பவரின் எண் இருக்காது. மேலும், முதல் செய்தியே 500 ரூபாய் வசூலாக இருந்தால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் ஒதுங்கிப்போவது இயல்பு. நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் ஆதாயம் உரிமையாளருக்கு. ஆகவே வேலி, பெஞ்சு, விளக்கு போன்ற நிலையான செலவை உரிமையாளர்களிடம் மட்டும் கேளுங்கள், அவர்கள் வெளியூரில் இருந்தாலும் சரி. வாரமுறையில் மட்டும் குடியிருப்பவர் யாரோ அவருக்குச் சம பங்கு கொடுங்கள். லைன் வீடுகளிலிருந்து இரண்டு பேராவது முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். அந்தக் கட்டடத் தொழிலாளர்களில் கொத்தனாரும் இருப்பார், பெயின்டரும் இருப்பார். உங்கள் பெஞ்சை யார் கட்டப்போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கூலி கொடுத்துத்தான் கட்டச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊருக்கு நல்லது என்று சொல்லி உழைப்பாளியிடம் இலவசமாக வேலை வாங்கக் கூடாது.

பணக்கணக்கைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே முடித்துவிடுங்கள். 500 ரூபாய் கொடுத்த வீடுகள் எவை, பொக்லைனுக்கு எவ்வளவு, டிராக்டருக்கு எவ்வளவு, தேநீருக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, ரசீது இல்லாத செலவுக்கு ‘ரசீது இல்லை’ என்றே குறிப்பிட்டு, பூங்கா எதிரே ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள். கணக்குக் கேட்பவர்களை எதிரிகளாக நினைக்க வேண்டாம். மதுரைக்குப் பக்கத்திலேயே பில்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, பள்ளிப்படிப்பு இல்லாமலே களஞ்சியம் பெண்கள் குழுக்களின் தலைவியாக வளர்ந்து 2019 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அத்தகைய சேமிப்புக் குழுக்கள் நிலைப்பதற்குக் காரணம், கணக்கு ஒருவருடைய பையில் இல்லாமல், எழுத்தறியாதவர் காதிலும் விழும்படி கூட்டத்தின் நடுவே உரக்கப் படிக்கப்படுவதுதான். உங்கள் ஞாயிறு மாலைக் கைமாற்றில் மாதம் ஒருமுறை அப்படிப் படித்துவிட்டால், பழைய சங்கத்தை முடித்துவைத்த நோய் இங்கே வராது.

சங்கம் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முதலில் பதவியைப் பங்கிட்டால், வேலை தொடங்குவதற்கு முன்பே இருவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சுற்று, அதாவது 13 வாரம், முறையை நடத்திப் பாருங்கள். அந்தச் சுற்றில் பொறுப்பாக இருந்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்; அவர்களைக் கொண்டு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம்; உறுப்பினர் இருபது பேரை எட்டினாலோ ஆண்டு வரவு செலவு பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயமாகிறது. நீங்கள் வசூலித்த தொகையே அந்த அளவைத் தாண்டியிருக்கும் என்பதால், பதிவை இந்த ஆண்டைத் தாண்டித் தள்ள முடியாது. பழைய சங்கம் முறையாகக் கலைக்கப்படாமல் ஏட்டில் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பதிவாளர் அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் அதன் பெயரைத் தவிர்த்துப் புதுப்பெயர் வைப்பது நிம்மதி.

வேலி பற்றி இப்போது சொல்கிறேன். மாடும் லாரியும் நுழையாதபடி இடுப்புயரத்துக்குக் கம்பி வேலியும், தள்ளினால் திறக்கும் சிறிய கதவும் போடலாம். பூட்டு வேண்டாம். நான் அறிந்த ஒரு காலனியில் ஆள் உயரத்துக்குக் கம்பி போட்டுப் பூட்டி, சாவியைச் செயலாளர் வீட்டில் கொடுத்தார்கள். செயலாளர் மகள் வீட்டுக்குப் போன மாதங்களில் பூங்கா திறக்கவில்லை. இரண்டு ஆண்டில் உள்ளே இடுப்பளவு புல். குப்பைப் பைகள் இப்போது கம்பிக்கு மேலே பறந்து போய் விழுந்தன. உள்ளே போய் எடுக்கவும் வழியில்லை. ஆள் புழங்காத இடத்தில்தான் அச்சம் குடியேறும்.

அங்கே உட்காரும் இளைஞர்களில் பாதிப்பேர் உங்கள் தெருவின் பிள்ளைகளாக இருப்பார்கள், சிலர் உங்கள் பழைய மாணவர்களாகவும் இருக்கலாம். அவர்களைத் துரத்தினால் பக்கத்துத் தெருவின் இருட்டுக்குப் போவார்கள். நம் தெருவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இறகுப்பந்து ஆடுகளத்துக்கு 44 அடி நீளமும் 20 அடி அகலமும் போதும்; 22 சென்ட் இடத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. களத்தைச் சமன்படுத்திக் கோடு போடும் வேலையையும், விளையாட்டு விளக்கை இரவு ஒன்பது மணிக்கு அணைக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். மாலை ஐந்து முதல் ஏழு வரை சிறுவர்களுக்கும் பெண்களுக்கும், அதன் பிறகு அவர்களுக்கு என்று நேரம் பிரிக்கலாம். குடிக்கவோ தொந்தரவு செய்யவோ வரும் ஒரு சிலர் அப்போது தனியாகத் தெரிவார்கள். அவர்கள் விஷயத்தைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுக்கத் தயங்க வேண்டாம். தைப்பொங்கலுக்குத் தெருவை அடைத்து நடத்தும் கோலப்போட்டியையும் உறியடியையும் அடுத்த முறை பூங்காவுக்குள் மாற்றுங்கள். அவ்வளவு பேர் ஒரு நாள் நடந்தாலே தரை இறுகிவிடும்.

முள் துளிர்ப்பதற்குக் காரணம், பொக்லைன் மேல்மரத்தை ஒடித்ததே தவிர வேர்க்கட்டையை எடுக்கவில்லை. சீமைக்கருவேலை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளைக்கும்; மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கட்டையோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மதுரைக்கு அதிக மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் புரட்டாசியில் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, மண்ணோடு தொழு உரம் கலந்து ஆறவிட்டு, முதல் நல்ல மழைக்குப் பிறகு ஐந்தடி உயரக் கன்றுகளாக நடுங்கள். ஓரங்களில் இருபத்தைந்து அடிக்கு ஒன்றாகப் பதினைந்து மரங்கள் போதும். நூறு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிடப் பதினைந்தையும் பிழைக்க வைப்பது கடினம், அதுதான் தேவை. மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர் உண்டு என்பதால் கடம்பு நட வேண்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். கடம்பும் மருதும் ஈரம் நிற்கும் இடத்து மரங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உங்கள் மேட்டு நிலத்தில் அவற்றைக் காப்பாற்றுவது சிரமம். வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவற்றில் நிழலும் உண்டு, பிடிவாதமும் உண்டு. மின்கம்பி செல்லும் பக்கத்தில் மட்டும் பவளமல்லி, நந்தியாவட்டை என்று உயரம் குறைந்தவற்றை வையுங்கள். இல்லையென்றால் மின்வாரியத்தார் ஆண்டுதோறும் தலையை வெட்டிவிட்டுப் போவார்கள். உதிரும் சருகை எரிக்காமல் ஒரு மூலையில் வளையம் கட்டிப் போட்டு, சாணக் கரைசல் தெளித்துவந்தால் அடுத்த குழிக்கு உரமாகும்.

நடைபாதைக் கல்லை மட்டும் இப்போது பதிக்க வேண்டாம். முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் மதுரையில் தெருத்தெருவாகத் தோண்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவில் தோண்டும் வேலை முடிந்துவிட்டதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செய்யலாம். அதன்பின் தார்ச்சாலை போட வரும்போது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் பிறப்பித்த அறிவுறுத்தலைக் காட்டுங்கள். சாலை ஒவ்வொரு முறையும் அரையடி உயர்ந்தால் மழைநீர் பூங்காவுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும்தான் வரும்.

பெரிய செலவுக்கு வழி இருக்கிறது. நகர்ப்புறங்களில் 2021 இல் மீண்டும் தொடங்கப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். பூங்கா மேம்பாடு அதில் செய்யத்தக்க பணி. அந்த மூன்றில் ஒரு பங்கு முழுவதும் உங்கள் 64 வீடுகளிலிருந்தே வர வேண்டியதில்லை. ஒரு நிறுவனமோ, வெளியூரில் இருக்கும் மனை உரிமையாளரோ தரலாம். கோரிக்கையை வைக்கும் இடம் பகுதி சபா. 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. கிராம சபையைப் போலவே அங்கே வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். பத்துப் பேர் பத்துக் கோரிக்கை வைப்பதைவிட, நாற்பது பேர் போய் ஒரே கோரிக்கையை, வரைபடத்தோடும் சர்வே எண்ணோடும் வைத்துத் தீர்மானத்தில் எழுத வைத்துவிட்டு வாருங்கள். மாமன்ற உறுப்பினர் எந்தக் கட்சி என்பதைக் கூட்டத்துக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவது நல்லது.

நாய்த்தொல்லை பற்றிக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இறைச்சிக் கழிவு நின்றால் கூட்டம் குறையும். மிச்சமிருப்பவற்றுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதுங்கள்.

விட்டுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் ஓராண்டுக்குச் சற்று ஒதுங்கி இருங்கள் என்று சொல்வேன். இருபத்தேழு பேரையும் திரட்டியவர் நீங்கள் என்பதால் எல்லாரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்; வாரமுறைப் பட்டியலில் உங்கள் வீடு உள்ள குழுவின் முறை ஏழாவது அல்லது எட்டாவதாக வரும்படி வைத்துக்கொண்டு, முதல் ஆறு வாரமும் ஞாயிறு மாலைக்கு மட்டும் போய் வாருங்கள். மனைப்பிரிவு வரைபடம் கைக்கு வந்ததும், இடத்தின் நான்கு பக்க அளவையும், மின்கம்பிகள் போகும் பக்கத்தையும், மழைநீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள். குழிகளையும் ஆடுகளத்தையும் பெஞ்சையும் எங்கே வைக்கலாம் என்று அதிலேயே வரைந்து, புரட்டாசி பிறப்பதற்குள் திருப்பி அனுப்புகிறேன்.